கண்ணாடித் தொட்டியில் கப்பி வளர்ப்பு: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இவ்விதழின் வாசகர் பகுதியில், கப்பி மீன் வளர்ப்புப் பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கப்பியைக் குஞ்சு போட வைப்பதற்கு யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் அது தானாகவே நடக்கும். பிறந்த குஞ்சுகளைக் காப்பாற்றுவதும், பெருகிய மீன்களைத் தரம் பார்த்துப் பிரித்து வைப்பதும்தான் வளர்ப்பவரின் வேலை. கேள்விகளும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே வந்துள்ளன.

கேள்வி: இரண்டு அடி நீளமான தொட்டியில் ஓர் ஆண் கப்பியும் மூன்று பெண் கப்பிகளும் வளர்க்கிறோம். பெண் மீனின் வயிறு பெருக்கிறது, பிறகு திடீரென்று சுருங்கிவிடுகிறது. ஆனால் குஞ்சுகளை ஒருநாளும் காணவில்லை. அவை இறந்து பிறக்கின்றனவா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: இல்லை. உயிரோடு பிறந்த குஞ்சுகளே சில மணி நேரத்துக்குள் தின்னப்பட்டுவிடுகின்றன. கப்பி வெளியே முட்டையிடும் மீனன்று. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில், நீந்தத் தெரிந்த குஞ்சுகளாக வெளிவருகின்றன. பிறக்கும்போது அவற்றின் நீளம் 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையில்தான் இருக்கும். தன் குஞ்சு, பிற குஞ்சு என்ற வேறுபாடு தாய்க்குத் தெரியாது. வாய்க்குள் அடங்கக்கூடிய, அசைகின்ற எதுவும் அதற்கு இரைதான். இரவிலோ விடியற்காலையிலோ ஈன்றுவிட்டால், நீங்கள் எழுந்து வந்து பார்க்கும்போது தொட்டியில் ஒன்றும் மிஞ்சியிராது.

ஈனும் காலத்தை முன்கூட்டியே அறிய, மீனைப் பக்கவாட்டில் பாருங்கள். வயிற்றின் பின்முனையில், குதத்துடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கரும்புள்ளி தெரியும். நாள் நெருங்க நெருங்க அது பெரிதாகிக் கறுக்கும். வயிறு உருண்டை வடிவத்தை இழந்து, முன்பக்கம் செங்குத்தாக இறங்கிச் சதுரமாகத் தோன்றும். வெளிர்நிற மீனாயின், ஈனுவதற்கு ஓரிரு நாள் இருக்கும்போது, அந்தப் புள்ளிக்குள் குஞ்சுகளின் கண்கள் சிறு கருமணிகளாகத் தோலினூடே தெரிவதையும் காணலாம். பிறகு அது கூட்டத்தை விட்டு விலகி, ஒரு மூலையில் நின்றுகொள்ளும்.

கடைகளில் விற்கும் சிறிய ஈனற்பெட்டிக்குள் தாயை அடைப்பதை நான் விரும்புவதில்லை. நிறைசினை மீனைப் பிடித்து நெருக்கமான இடத்தில் விட்டால், அது அஞ்சி, குறைமாதத்தில் ஈன்றுவிடுவதுண்டு. சில வேளைகளில் ஈனாமலே இறந்தும் போகும். அதைவிடத் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை அடர்ந்த தாவரத்தால் நிரப்புவது நல்லது. ஜாவா பாசி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிடில் குளத்தோரங்களில் மிதக்கும் சல்வீனியாவின் தொங்கும் வேர் போன்ற இழைகளே குஞ்சுகளுக்குப் போதிய மறைவிடமாகும். அதுவும் இல்லையெனில், நைலோன் கயிற்றைப் புரி புரியாகப் பிரித்து, கொத்தாகக் கட்டி மிதக்கவிடலாம்.

குளத்திலிருந்து எடுக்கும் தாவரத்தை நேரே தொட்டியில் இடாதீர்கள். அதில் ஒட்டிவரும் தும்பியின் இளம்பருவப் பூச்சி, ஒளிந்திருந்து குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். வெளிர் இளஞ்சிவப்பாகக் கரைத்த பொற்றாசியம் பரமங்கனேற்று நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஒரு வாளியில் சில நாட்கள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துங்கள்.

ஈனும் நாட்களில் பெரிய மீன்களுக்கு இரையைச் சற்று அடிக்கடி கொடுங்கள். வயிறு நிறைந்த மீனும் குஞ்சைத் தின்னும். ஆனால் துரத்திப் பிடிக்க அவ்வளவு முனையாது.

கேள்வி: எங்கள் பகுதியில் சிறுநீரக நோய்க்கு அஞ்சி எல்லோரும் சுத்திகரிக்கப்பட்ட நீரையே குடிக்கிறோம். கிணற்று நீரில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. மீனுக்கும் நல்ல நீராக இருக்கட்டும் என்று சுத்திகரித்த நீரையே ஊற்றினேன். மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடலை ஆட்டுகின்றன. ஏன்?
– வாசகர், வவுனியா

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது, ஆயினும் மனிதருக்குப் பொருந்துவது இந்த மீனுக்குப் பொருந்தாது. சுத்திகரிப்பு நிலையங்களில் நீரை மென்சவ்வினூடே அழுத்திச் செலுத்தும்போது, அதில் கரைந்திருந்த கல்சியம், மகனீசியம் முதலிய உப்புகளில் மிகப் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. கப்பியோ அந்த உப்புகள் நிறைந்த வன்னீரை விரும்பும் இனம். தென்னமெரிக்காவின் வடகரையிலும் திரினிடாட் தீவிலும் உள்ள ஓடைகளைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன், ஆற்றுமுகங்களின் சற்றே உவர்ந்த நீரிலும் வாழக்கூடியது. உப்பற்ற மென்னீரில் அதன் உடல் தன் உப்புச் சமநிலையைக் காக்கப் பெரும்பாடு படுகிறது. நீங்கள் கண்ட ஆட்டம் அதன் அடையாளமே.

கேத்தலில் வெள்ளையாகப் படிகின்ற அந்தக் கிணற்று நீர்தான் கப்பிக்கு ஏற்றது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானம் 7க்கும் 8க்கும் இடையில் இருந்தால் போதும். வன்னியின் கிணறுகள் பலவற்றில் அது இயல்பாகவே கிடைக்கிறது. ஆனால் இன்றே முழு நீரையும் மாற்றிவிடாதீர்கள். நாளொன்றுக்குத் தொட்டியின் பத்தில் ஒரு பங்கு வீதம் கிணற்று நீரைச் சேர்த்து, சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

குழாய்க் கிணற்று நீரை இறைத்தவுடன் ஊற்றக் கூடாது. ஆழத்திலிருந்து வருவதால் அதில் ஒட்சிசன் குறைவாக இருக்கும்; சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, காற்றுப் பம்பியால் குமிழியிட்டால், இரும்பு துருநிறமாக அடியில் படிந்துவிடும். மேலுள்ள தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத்துக்குப் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், அதன் மணம் முற்றாக நீங்கும்வரை காத்திருங்கள். குளோரின் மீனின் பூக்களை, அதாவது அது மூச்சுவிடும் உறுப்புகளை, எரித்துவிடும்.

கேள்வி: புதுத் தொட்டி வாங்கி, அன்றே நீர் நிரப்பி, மறுநாள் பத்துக் கப்பிகள் விட்டோம். நீர் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக இறந்துவிட்டன. கடைக்காரர் நோயுள்ள மீனைத் தந்துவிட்டாரா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன்னர் நீரைச் சந்தேகிக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விடப்பட்ட இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, அதனால் நீர் பளிங்குபோல் இருக்கும்போதே மீன் நஞ்சுண்டு இறக்கிறது. பழைய தொட்டியில், வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் குடியேறியிருக்கும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அந்த நைத்திரைற்றை அவ்வளவாகத் தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. புதுத் தொட்டியில் அவை இல்லை. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படும்.

நம் பகுதியில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. நீரிலுள்ள அமோனியா முழுவதும் ஒரே அளவு நச்சுடையதன்று. அதில் ஒரு பகுதி மட்டுமே மீனைக் கொல்லும் வடிவில் இருக்கிறது. பிஎச் 7 ஆகவும் வெப்பநிலை 25 பாகை செல்சியசாகவும் உள்ள நீரில் அந்தப் பகுதி ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆகவும் வெப்பநிலை 30 பாகையாகவும் உயர்ந்தால் அது ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது, கப்பிக்கு உகந்த அதே வன்னீர், வெயில் காலத்தில், அழுக்கைச் சிறிதும் பொறுக்காத நீராகிவிடுகிறது. மலைநாட்டின் குளிர்ந்த மென்னீரில் பத்து மீனைத் தாங்கும் புதுத் தொட்டி, இங்கே மூன்று மீனையே தாங்காமல் போகக்கூடும்.

இம்முறை தொட்டியை நிரப்பி, தாவரமிட்டு, பஞ்சு வடிகட்டியை ஓடவிட்டு, இரண்டு மூன்று மீன்களுடன் மட்டும் தொடங்குங்கள். கப்பி வளர்க்கும் அயலவர் யாரேனும் இருந்தால், நோயற்ற அவருடைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள். பற்றீரியாவும் அதனுடன் வந்துவிடும். முதல் மாதத்தில் இரையை மிகக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். வெள்ளைப் பஞ்சு பழுப்பாகிவிட்டதே என்று சவர்க்காரம் போட்டுக் கழுவினால், ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

கேள்வி: ஆண் மீன் இறந்து இரண்டு மாதங்களாகின்றன. பெண் மீன் மட்டுமே இருக்கும் தொட்டியில் மறுபடியும் குஞ்சுகள் எப்படி வந்தன? அந்த ஆணின் வால் அழகு அவற்றுக்கு வருமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தபின், ஆணின் விந்தைத் தன் உடலுக்குள் பல மாதங்கள் சேமித்து வைத்திருந்து, அடுத்தடுத்த ஈற்றுகளுக்குப் பயன்படுத்தும். ஆகையால் அவை இறந்துபோன அந்த ஆணின் குஞ்சுகளாகவே இருக்கலாம். ஆனால் பெண்ணைக் கடையிலிருந்து வளர்ந்த நிலையில் வாங்கியிருந்தால், கடைத்தொட்டியில் வேறோர் ஆணுடன் சேர்ந்திருக்கவும் கூடும். அப்போது உறுதியாக எதையும் சொல்ல இயலாது.

அழகு வருமா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான்னஸ் ஷ்மிட் என்னும் ஆய்வாளர், ஆண் கப்பியின் ஒருவகை நிறப்புள்ளி தந்தையிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே செல்வதை 1920இல் எடுத்துக்காட்டினார். அது, ஆணிடம் மட்டுமே உள்ள, மரபுப் பண்புகளைக் கடத்தும் வை நிறமூர்த்தத்தின் வழியே செல்வது. இப்படித் தந்தைவழியே செல்லும் நிறங்கள் கப்பியில் பல உண்டு. அதே வேளையில் வேறு பல நிறங்களும் வாலின் அமைப்பும் தாயின் வழியாகவும் வருகின்றன. பெண் மீன் நிறமற்றிருப்பதால் அதைக் கவனிக்காமல் விடுவதே, வீட்டில் வளர்ப்பவர்களின் மீன்கள் சில தலைமுறைகளில் மங்கிப்போவதற்கு முதன்மையான காரணம். உடல் பெருத்த, முதுகு நேரான, வாற்துடுப்பு அகன்ற பெண்ணையே தாயாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தேர்வு செய்வதாயின், குஞ்சுகளைக் காலத்தோடு பிரிக்க வேண்டும். மூன்று, நான்கு வாரங்களில், டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து உற்றுப் பாருங்கள். பெண்ணின் குதத்துடுப்பு முக்கோணமாக விரிந்திருக்கும். அதன் மேலே கரும்புள்ளி தெரியத் தொடங்கியிருக்கும். ஆணின் குதத்துடுப்போ ஒடுங்கி, ஊசிபோல் நீளத் தொடங்கும். அந்த வேளையிலேயே இரண்டையும் வேறு வேறாக்கிவிடுங்கள். ஒரு வாரம் பிந்தினாலும், தங்களுக்குள்ளேயே சேர்ந்துவிடுவதைத் தடுப்பது கடினம். மீன் வாடியில் பயன்படும் ரெஜிபோம் பெட்டி, நன்றாகக் கழுவி எடுத்தால், இதற்குப் போதுமானது. வெயிலில் நீரும் விரைவில் சூடேறாது. அண்ணன் தங்கை மீன்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் உருவம் சிறுத்து, ஈற்றும் குறையும். அதனால் ஒரே வகையில் இரண்டு வம்சவழிகளைத் தனித்தனியே வளர்த்து, சில தலைமுறைகளுக்கு ஒருமுறை அவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பது நல்லது.

கேள்வி: குஞ்சுகளுக்கு என்ன இரை கொடுப்பது? நுளம்புக் குடம்பி நல்லது என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் நீர் விட்டு வளர்க்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: நுளம்புக் குடம்பி நல்ல இரை என்பது உண்மையே. ஆனால் அதற்காகப் பீப்பாயில் நீர் தேக்கி வைக்க வேண்டாம். டெங்கு நம் ஊர்களுக்கும் வருகிறது. நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும். தவிரவும், பிறந்த குஞ்சின் வாய்க்கு வளர்ந்த குடம்பி பெரியது.

முதல் வாரத்துக்குச் சிறந்தது ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிர். அதன் முட்டைகள் மீன் கடைகளில் சிறு பொதிகளாகக் கிடைக்கும். பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, ஒரு லீற்றர் நீரில் 25 கிராம் ஆனையிறவுக் கல்லுப்பைக் கரைத்து, கரண்டியின் நுனியளவு முட்டையிட்டு, காற்றுப் பம்பியால் தொடர்ந்து கலக்குங்கள். நமது வெப்பநிலையில் ஒரு நாளில் பொரித்துவிடும். பம்பியை நிறுத்திச் சற்று நேரம் விட்டு, கழுத்துப் பக்கமாக டோர்ச் அடித்தால், வெற்றுக் கோதுகள் மேலே மிதக்க, செம்மஞ்சள் நிறப் புழுக்கள் வெளிச்சத்தை நோக்கிக் கூடிவரும். அவற்றை மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் கொடுங்கள். தின்ற குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாகத் தெரியும். எவை தின்னவில்லை என்பதையும் அப்படியே கண்டுகொள்ளலாம்.

அது கிடைக்காத வேளையில், பெரிய மீனுக்கான உலர் இரையை விரல்களுக்கிடையில் மாவாகத் தேய்த்து, நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாகத் தூவுங்கள். அவித்த முட்டை மஞ்சட்கருவைப் பலர் கொடுக்கிறார்கள். குஞ்சு அதில் வளரும். ஆனால் நீரை அதைவிட விரைவாகக் கெடுக்கும் இரை வேறில்லை. கொடுப்பதாயின் ஊசிமுனையளவு கொடுத்து, ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மீன் இரைக்காக வயல் வாய்க்காலில் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை அள்ளுவோர், பூச்சிமருந்து அடித்த காலத்தில் அங்கே போகவே வேண்டாம்.

கேள்வி: தகரக் கூரை வீடு. சித்திரை, வைகாசியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மின்சாரமும் போய்விட்டால் என்ன செய்வது?
– வாசகி, மல்லாவி

பதில்: நீர் சூடேறும்போது அது தாங்கும் ஒட்சிசன் குறைகிறது. 25 பாகையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 32 பாகையில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். இந்தக் குறைவு பெரிதாகத் தோன்றாது. ஆனால் அதே சூட்டில் மீனின் உடலுக்குத் தேவையான ஒட்சிசன் கூடிவிடுகிறது, அதனால்தான் திணறுகிறது.

தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து அகற்றி, வீட்டின் நடுப்பகுதியில், நிலத்துக்கு அருகில் வையுங்கள். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மின்விசிறியின் காற்று நீரின் மேற்பரப்பில் படும்படி செய்தால் இரண்டு மூன்று பாகை குறையும். பனிக்கட்டி போட வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிடக் கெடுதலானது. நண்பகலில் இரை கொடுக்காமல், காலையிலும் மாலையிலும் மட்டும் கொடுங்கள். மின்சாரம் நின்றால், கோப்பையால் நீரை அள்ளி, ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். கால் மணிக்கொரு முறை சில நிமிடங்கள் இப்படிச் செய்தாலே போதும். மீன் குறைவாகவும் தாவரம் நிறைவாகவும் உள்ள தொட்டி, மின்வெட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும்.

கோடையில் ஆவியாகும் நீருக்குப் பதிலாகக் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், நீர் போய் உப்பு தங்கி, தொட்டியின் வன்மை கூடிக்கொண்டே போகும். ஆகவே மேலே ஊற்றுவதோடு நிறுத்தாமல், வாரம் ஒருமுறை அடியிலிருந்து கால்வாசி நீரை அகற்றியே புதுநீர் சேர்க்க வேண்டும்.

கேள்வி: டெங்குக்குப் புகையடிக்க வருகிறார்கள். மீனுக்கு ஆபத்தா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: ஆம். புகையிலும் நுளம்புத்திரியிலும் தெளிப்பானிலும் பொதுவாக உள்ள பைரித்திரொயிட்டு வகை மருந்து, மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அளவிலும் மீனைக் கொன்றுவிடும். அவர்கள் வருமுன் காற்றுப் பம்பியை நிறுத்துங்கள். இல்லையேல் அதுவே புகையை நீருக்குள் செலுத்தும். தொட்டியை ஈரத்துணியாலும் அதன்மேல் பிளாஸ்ரிக் தாளாலும் மூடி, புகை கலைந்து, வீட்டில் காற்றோட்டம் வந்த பிறகு திறவுங்கள். படுக்கையறையில் நாள்தோறும் நுளம்புத்திரி கொளுத்துவோர் தொட்டியை அந்த அறையில் வைக்காமலிருப்பதே நல்லது.

கேள்வி: நான்கு மீனில் தொடங்கியது இப்போது எண்ணமுடியாத அளவாகிவிட்டது. சில குஞ்சுகளுக்கு முதுகு வளைந்திருக்கிறது. மிஞ்சியவற்றை இரணைமடுக் குளத்தில் விடலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நுளம்பை அழிக்கச் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளில் கப்பி விட்டமையைப் பலரும் அறிவார்கள்; அது அவர்கள் இடம் தேர்ந்து செய்த வேலை. நமது குளங்களில் நுளம்புக் குடம்பியைத் தின்னும் சிறு மீன்கள் முன்பே உண்டு. வீட்டுக் கப்பி அவற்றின் இரையையும் இடத்தையும் பறிக்கும், நோயையும் கொண்டுசெல்லும்.

வளைந்த முதுகு பிறவிக் குறையாகவும் இருக்கலாம், மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோயாகவும் இருக்கலாம். குஞ்சிலேயே தெரிந்தால் பெரும்பாலும் பிறவிக் குறை. அவற்றை இனவிருத்திக்கு வைக்கவே கூடாது. வளர்ந்த மீன்கள் மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வளைந்தால் நோயைச் சந்தேகியுங்கள். அந்த நோய்க்கிருமி கையிலுள்ள காயத்தினூடே மனிதருக்கும் தொற்றக்கூடியது. காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கையை விடாதீர்கள். எப்போதும் வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அத்தகைய தொட்டியிலிருந்து யாருக்கும் மீன் கொடுக்கவும் வேண்டாம்.

நலமாக உள்ள உபரி மீன்களுக்கு நல்ல வழிகள் உண்டு. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்கு முக்கிய இடமிருக்கிறது. ஆனால் வாங்குவோர் கலப்பு மீனை விரும்புவதில்லை, ஒரே நிறமாகவும் ஒரே அளவாகவும் உள்ளவற்றையே கேட்கிறார்கள். மேலே மாங்குளம் வாசகிக்குச் சொன்னபடி ஒரு வகையை மட்டும் தேர்ந்து வளர்த்தால், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள மீன் கடைகளிடம் நீங்கள் பேசிப் பார்க்கலாம். கலப்பு மீன்களைப் பாடசாலைத் தொட்டிகளுக்கும், வளர்க்க விரும்பும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவற்றை ஏற்பதற்கு ஆளில்லை என்னும் நிலை வந்தால், இன்றே ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமுமாகப் பிரித்துவிடுங்கள். பெண்கள் சேமித்து வைத்திருக்கும் விந்தினால் இன்னும் சில ஈற்றுகள் வரும். அந்தக் குஞ்சுகளையும் நான்காம் வாரத்துக்குள் பிரித்துவிட்டால், அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடாது.